கப்பி குட்டி போடுகிறது, ஒன்றும் மிஞ்சுவதில்லை: என்ன செய்யலாம்?

06.02.2022, மாலை 6.40
(கேள்வி, திருகோணமலை பாலையூற்றிலிருந்து ஒரு தம்பி)

என்னிடம் இரண்டடி மீன்தொட்டி இருக்கிறது. கப்பி ஏழு, கறுப்பு மொலி மூன்று. மூன்று மாதத்தில் நான்கு தடவை குட்டி கண்டேன். காலையில் இருபது நிற்கும், பின்னேரம் ஐந்து, அடுத்த நாள் ஒன்றும் இல்லை. கடைக்காரர் குட்டி போடும் பெட்டி (தாய் மீனைத் தனியாக விடத் தொட்டிக்குள் வைக்கும் சின்னப் பெட்டி) வாங்கச் சொல்கிறார். வாங்கினால் சரிவருமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

06.02.2022, இரவு 9.15

பெட்டி வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்குப் பாசி வாங்குங்கள்.

நான் உப்புவெளியில் பதினாறு வருடமாகக் குட்டி போடும் மீன்கள் வளர்க்கிறேன். கப்பி, மொலி, பிளாட்டி, இடையில் கொஞ்சக் காலம் சுவோர்ட்டெயில். முதல் இரண்டு வருடம் எனக்கும் உங்கள் கதைதான். தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கீழே நீலக் கல், மூலையில் ஒரு பிளாஸ்ரிக் செடி, வேறொன்றும் வைக்கவில்லை. பிறக்கும்போது ஆறேழு மில்லிமீற்றர்தான் இருக்கும் அந்தக் குஞ்சு. வெறும் கண்ணாடிக்குள் அது எங்கே போய் ஒளிக்கும்? தாய்க்கு அது தன் குஞ்சு என்று தெரியாது. அசைகிறது, வாய்க்குள் அடங்குகிறது, விழுங்கிவிடும்.

இரண்டடித் தொட்டி என்றால் 24க்கு 12க்கு 12 அங்குலமாக இருக்கும். விளிம்புக்கு ஒன்றரை அங்குலம் கீழே நிரப்பினால் ஏறக்குறைய 50 லீற்றர். பத்து மீன் அதற்கு அதிகமில்லை. ஆனால் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பாருங்கள். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருக்க வேண்டும். ஆண் கூடிவிட்டால் பெண்ணை ஓய விடாமல் துரத்தும், வயிற்றில் குஞ்சோடு அது களைத்துப் போகும்.

தொட்டியில் மூன்றில் ஒரு பங்கைப் பாசிக்கே விட்டுவிடுங்கள். ஜாவா மொஸ் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஹைட்ரில்லா போதும், தம்பலகாமம் பக்கம் வயல் வாய்க்காலில் அள்ளலாம். மேலே மிதக்கிற, வேர் தொங்குகிற செடியும் கொஞ்சம் வேண்டும். பிறந்த குஞ்சு முதலில் கீழே கிடந்தாலும் பிறகு மேல்மட்டத்துக்கு வந்து ஓரத்தில் ஒதுங்கும். அங்கேதான் அதற்கு மறைவு தேவை. பாசிக்குள் கை விட்டால் விரல் தெரியக் கூடாது, அந்த அளவுக்கு அடர்த்தி.

07.02.2022, காலை 5.50

இரவு படுத்த பிறகுதான் நினைவு வந்தது, தண்ணீரைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கிணறா, பைப்பா?

பைப் என்றால் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் சுத்திகரித்து வருவது, குளோரின் இருக்கும். அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், எயர் பம்ப் குழாயை அதற்குள் போட்டால் இன்னும் விரைவாகப் போய்விடும். கிணறு என்றால் அது வேறு கதை. கேத்தலைத் திறந்து உள்ளே பார்த்துச் சொல்லுங்கள்.

08.02.2022, இரவு 7.30

கிணற்றுத் தண்ணீர்தான், கேத்தலில் வெள்ளைப் படிவு, தண்ணீரை வாயில் வைத்தால் இலேசான உவர்ப்பு என்கிறார் தம்பி. தண்ணீரை மாற்ற வேண்டுமா என்று பயப்படுகிறார். பயப்பட ஒன்றுமில்லை. குட்டி போடும் மீன்களுக்கு வன்தண்ணீர், அதாவது சுண்ணாம்பு கூடிய தண்ணீர், பிடிக்கும். மொலிக்கு உப்புக் கலந்த தண்ணீர் இன்னும் நல்லது, மெல்ல மெல்லப் பழக்கினால் கடல் நீரிலேயே வாழும். மென்தண்ணீர் ஊர்களில் மொலி வளர்ப்பவர்கள் கல்லுப்புப் போட்டுத்தான் பார்க்கிறார்கள், உங்கள் கிணறு அந்த வேலையைத் தானே செய்கிறது.

என் அப்பா முற்றத்து வேப்ப மரத்தின் கீழ் சீமெந்துத் தொட்டியில் மொலி வளர்த்தவர். எங்கள் ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது, கிணற்றில் இருக்காதா என்பார். அந்தத் தொட்டியில் பம்ப் இல்லை, பில்டர் இல்லை. பாசியும் நிழலும் இருந்தன, மொலி எண்ண முடியாமல் நின்றது.

சீமெந்துத் தொட்டி கட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று. புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசியும், உடனே மீன் விட்டால் இறக்கும். அப்பா வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊற விட்டு, தண்ணீரைத் திறந்து, மறுபடி நிரப்பி, இப்படி மூன்று நான்கு தடவை செய்த பிறகுதான் மீன் விட்டார். ஒரு மாதத்துக்குக் குறையாமல் எடுத்தது.

13.02.2022, இரவு 8.30

தொட்டியை முழுக்க இறைத்து, கல்லையும் ஸ்பொஞ்சையும் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன், இப்போது புதுத் தொட்டி மாதிரி இருக்கிறது என்று தம்பி எழுதியிருக்கிறார்.

ஐயோ தம்பி. புதுத் தொட்டிதான் ஆபத்து.

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய சாப்பாட்டிலிருந்தும் அமோனியா வரும். ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவதை மீன் ஓரளவு தாங்கும், பாசியும் உறிஞ்சிக்கொள்ளும். இந்தப் பற்றீரியா ஸ்பொஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்கிறது. அவை போதிய அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் நேற்றுச் சவர்க்காரத்தோடு கழுவி ஊற்றியது அந்த ஆறு வாரத்தை. உங்கள் கிணற்றுத் தண்ணீரில் இது இன்னும் கூர்மையாகும், ஏனென்றால் அதில் பீஎச் (காரத்தன்மையின் அளவு) கூடுதலாக இருக்கும், பீஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால் அமோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும்.

இப்போது செய்யக்கூடியது: சாப்பாட்டைப் பாதியாக்குங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். அந்த ஸ்பொஞ்சை நல்ல தண்ணீரில் பத்துத் தடவை பிழிந்து எடுங்கள், சவர்க்கார வாசம் கொஞ்சமாவது இருந்தால் எறிந்துவிடுங்கள். புதன்கிழமை எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் என் தொட்டியில் ஓடுகிற ஸ்பொஞ்ச் ஒன்று தருகிறேன், ஈரம் காயாமல் சொப்பிங் பையில் கொண்டு போங்கள். இனிமேல் ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், மாதத்துக்கு ஒருமுறை போதும்.

20.02.2022, காலை 10.05

நிலாவெளித் தங்கச்சிக்கு. ஆண் இல்லாத தொட்டியில் உங்கள் பெண் கப்பி மூன்று முறை குட்டி போட்டதில் அதிசயமில்லை. கடையில் இருந்தபோதே சேர்ந்திருக்கும். பெண் கப்பி ஆணின் விந்தை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்து, ஒவ்வொரு ஈற்றுக்கும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆகவே நல்ல வாலுள்ள ஆணைப் பிறகு வாங்கி விட்டாலும், வருகிற குஞ்சு அந்த ஆணுடையதுதான் என்று சொல்ல முடியாது. ஒரு நிறத்தைப் பிடித்து வளர்க்க ஆசைப்பட்டால் ஆணோடு சேராத இளம் பெண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குஞ்சு மூன்று நான்கு வாரமாகும்போது வயிற்றுக்குக் கீழே உள்ள செட்டையைப் பாருங்கள். ஆணுக்கு அது ஒடுங்கிக் குச்சி மாதிரி வரும், பெண்ணுக்கு விசிறியாகவே இருக்கும். குச்சி தெரியத் தொடங்கிய அன்றே பிரியுங்கள், நாளைக்கு என்று விட வேண்டாம்.

27.02.2022, இரவு 9.40

பெட்டி ஏன் வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என் கையால் நடந்ததைச் சொல்கிறேன்.

2008இல் வயிறு சதுரமாகி, பின்னால் உள்ள கரும்புள்ளி விரிந்து, இன்றோ நாளையோ என்று நின்ற ஒரு பிளாட்டியைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டேன். கைப்பிடி அகலமுள்ள பெட்டி. அது முழு இரவும் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது. காலையில் பதினான்கு குஞ்சு போட்டிருந்தது, பாதிக்கு மேல் வயிற்றில் மஞ்சள் கரு தொங்கிய குறைக்குஞ்சுகள், நீந்தத் தெரியாமல் கீழே கிடந்தன. தாய் மூன்றாம் நாள் இறந்தது. நல்ல சிவப்பு, நான்கு ஈற்று ஈன்ற மீன். அதற்குப் பிறகு நிறைவயிற்று மீனை நான் வலையால் தொடுவதில்லை. குட்டி போட இடம் தேடி அதுவே பாசிக்குள் போகும், போகட்டும்.

05.03.2022, இரவு 11.20

கரண்ட் கட் நாளுக்கு நாள் கூடுகிறது, இந்த வாரம் ஏழு மணித்தியாலத்தையும் தாண்டிவிட்டது. பம்ப் நின்றால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். மீனைக் குறையுங்கள், சாப்பாட்டைக் குறையுங்கள். கரண்ட் போவதற்கு முன் இரண்டு மணித்தியாலம் தீன் போட வேண்டாம், செரிக்கும்போது மீனுக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவை. மூடியைத் திறந்து வையுங்கள்.

31.03.2022, இரவு 10.10

இன்றைக்குப் பதின்மூன்று மணித்தியாலம். போனில் சார்ஜ் இல்லை, சுருக்கமாக எழுதுகிறேன். யோகட் கப்பால் தண்ணீரை அள்ளி ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டிக்குள் ஊற்றினேன், அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஐம்பது கப். நானும் மகனும் மாறி மாறி. கப்பி ஒன்றும் போகவில்லை. மொலி ஒன்று போய்விட்டது, பெரிய பெண்.

02.04.2022, காலை 6.15

அந்த மொலியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். என் பெரிய தொட்டியில் மீன் கூடிப்போயிருந்தது, அதுதான் காரணம். தண்ணீர் 25 பாகையில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசனைப் பிடிக்கும், 32 பாகையில் 7க்குச் சற்று மேல்தான். வெப்பத்தில் தண்ணீர் தருவது குறைகிறது, மீன் கேட்பது கூடுகிறது. பம்ப் இருந்தவரை அது எனக்குத் தெரியவில்லை. நேற்றே பதினெட்டு மீனை அப்பாவின் சீமெந்துத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன்.

இன்னொன்று. மணித்தியாலக்கணக்கில் நின்ற மூடிப் பெட்டி பில்டரைக் கரண்ட் வந்தவுடன் ஓட விடாதீர்கள். உள்ளே பற்றீரியா மூச்சில்லாமல் அழுகியிருக்கும், அந்தக் கறுப்புத் தண்ணீர் நேரே தொட்டிக்குள் போகும். கழற்றி அலசிவிட்டுப் போடுங்கள். திறந்த ஸ்பொஞ்ச் என்றால் இந்தப் பயம் குறைவு.

18.04.2022, இரவு 8.00

முதல் நாளில் எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டும். வாய்க்காலில் பாசி அள்ளலாம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன்.

போன மாத நடுவில் நானே தம்பலகாமத்திலிருந்து ஒரு வாளி ஹைட்ரில்லா கொண்டுவந்து, இரண்டு தண்ணீரில் அலசி, குஞ்சுத் தொட்டியில் போட்டேன். முப்பத்தைந்து கப்பிக் குஞ்சு, இரண்டு வார வயது. நாளுக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது. செத்த உடல் ஒன்றும் காணவில்லை. பெரிய மீன் இல்லாத தொட்டியில் யார் தின்கிறார்கள்? அமோனியாவோ என்று தண்ணீரை மாற்றினேன், சாப்பாடு போதவில்லையோ என்று கூட்டினேன். நேற்று இரவு டோர்ச் அடித்துப் பார்த்தபோது பாசித் தண்டோடு தண்டாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம், ஆறு கால், ஒரு அங்குலம். ஒரு குஞ்சு அதன் முன்னால் போனது. தாடை வெளியே பாய்ந்து குஞ்சைப் பிடித்து உள்ளே இழுத்தது, கண் இமைக்கிற நேரம்.

தும்பியின் குடம்பி. தும்பி தண்ணீரில்தான் முட்டை இடும், சில வகை பாசித் தண்டுக்குள்ளேயே வைக்கும். எத்தனை தண்ணீரில் அலசினாலும் அது போகாது. மூன்றைப் பிடித்தேன். குஞ்சு ஒன்பது மிச்சம்.

ஆகவே வெளியிலிருந்து கொண்டுவரும் பாசியை மூன்று நான்கு வாரம் மீனில்லாத வாளியில் வெளிச்சத்தில் தனியாக வையுங்கள், நுளம்பு முட்டையிடாமல் மெல்லிய துணியால் மூடி. இரவில் டோர்ச் அடித்துத் தேடுங்கள், வெள்ளைக் கோப்பையில் உதறிப் பாருங்கள். நான் சொன்னதைக் கேட்டு யாராவது உடனே போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், மன்னியுங்கள்.

20.04.2022, காலை 7.30

தும்பிக் குடம்பியை என்ன செய்தீர்கள் என்று மூதூரிலிருந்து ஒரு அண்ணா கேட்கிறார். வயல் ஓரத்துக் குழியில் விட்டேன் அண்ணா. தும்பி நுளம்பைத் தின்கிறது, அது நமக்கு வேண்டியது. என் தொட்டியில் இருக்க வேண்டியதில்லை, அவ்வளவே.

இன்றைய தேதியைப் பார்த்தவுடன் கந்தளாய் நினைவு வந்தது. 1986 ஏப்ரல் 20, விடிவதற்கு முன் குளம் உடைத்தது. அப்பா அந்த ஆண்டு முழுவதும் அதையே கதைத்துக்கொண்டிருந்தவர். நாங்கள் வாளியில் ஒரு நாள் வைத்து ஊற்றுகிற தண்ணீர் அந்தக் குளத்தினுடையது.

19.06.2022, பின்னேரம் 4.00

தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கி மூன்று வாரம். தொட்டியில் இன்று மத்தியானம் 32 பாகை. கடையில் மீன் தீனின் விலையைப் பார்த்துத் திரும்பி வந்தேன். எரிபொருள் வரிசையில் பாதி நாள் போகிறது, மீன் தீனுக்கு எங்கே அலைவது?

தீனை நானே கூனியில் (சின்ன இறாலில்) செய்கிறேன். கருவாட்டுக் கூனியை மூன்று தண்ணீரில் ஊற வைத்து உப்பை எடுத்துவிட வேண்டும், பிறகு நன்றாகக் காய வைத்து, காய்ந்த முருங்கையிலையோடு சேர்த்து இடித்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். அடியில் விழுகிற தூள் குஞ்சுக்கு, மேலே நிற்பது தாய்க்கு. மொலிக்கு இலைத்தீன் கட்டாயம் வேண்டும், வெறும் கூனி கொடுத்தால் வயிறு உப்பும். குஞ்சுக்கு நாளுக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் விரல்நுனியில் ஒட்டுகிற அளவு.

அவித்த முட்டை மஞ்சள் கருவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: வளரும், உண்மைதான். ஆனால் 10 லீற்றர் வாளியில் பட்டாணியளவு போட்டால் பின்னேரம் தண்ணீர் பால் மாதிரியாகிவிடும். துணியில் கட்டி ஒரு தடவை நனைத்து எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

03.07.2022, இரவு 9.00

கச்சானில் இன்னொரு சிக்கல். ஒரு வாரத்தில் தொட்டித் தண்ணீர் இரண்டு அங்குலம் இறங்குகிறது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்தேன், தண்ணீரை மாற்றிவிட்டேன் என்ற திருப்தியும் இருந்தது. தவறு. ஆவியாகிறது தண்ணீர் மட்டும், உப்பும் சுண்ணாம்பும் தொட்டிக்குள்ளேயே நிற்கின்றன. மேலும் மேலும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அவை ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது முதலில் பழைய தண்ணீரில் கால்வாசியை எடுத்து வெளியே ஊற்றுகிறேன், பிறகுதான் நிரப்புகிறேன். எடுத்த தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகிறது, மரம் நன்றாக வருகிறது. மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து மூடி வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டு நிரப்பலாம், இன்னும் நல்லது.

14.08.2022, காலை 9.20

பெண் சுவோர்ட்டெயில் ஆணாக மாறும் என்று நடுவில் ஒருவருக்குப் பதில் எழுதினேன். அதை எடுத்துவிட்டேன். நான் பார்த்தது உண்மை, விளங்கிக்கொண்டது பிழை. பெரிய பெண் என்று நான் நினைத்திருந்த மீனுக்கு ஒன்பதாம் மாதம் ஆணுக்குரிய வாள் வாலில் முளைத்தது. சுவோர்ட்டெயிலில் விரைவாக முதிரும் ஆண், தாமதமாக முதிரும் ஆண் என்று இரண்டும் உண்டு. தாமத ஆண் மாதக்கணக்கில் பெண் போலவே பருத்து நிற்கும். வயதான பெண்ணுக்குச் சில வேளை ஆண் சாயல் வருவதும் உண்டு, ஆனால் அது தகப்பனாவதில்லை. என் மீன் குட்டி போட்டதை நான் கண்ணால் கண்டதே இல்லை, பெண் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

04.09.2022, இரவு 8.45

கூடுதலாகிப் போன கப்பியைக் கானில் (வடிகாலில்) விட்டால் நுளம்பாவது குறையும்தானே என்று ஒரு தங்கச்சி கேட்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் நானும் விட்டிருக்கிறேன். இப்போது விடமாட்டேன்.

கப்பி நம் நாட்டு மீனில்லை. அதன் சொந்த இடம் வெனிசுவேலாவும் ட்ரினிடாட்டும் அந்தச் சுற்றுப்புறமும். நுளம்பைத் தின்னவென்று உலகம் முழுவதும் கொண்டு போய் விட்டார்கள், இங்கேயும்தான். நான் சின்னவளாக இருந்தபோது மலேரியாவுக்காகக் கிணற்றுக்குள் விட்டது நினைவிருக்கிறது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அதற்காக உழைத்தவர்கள் பலர், கப்பிக்கு அதில் எவ்வளவு பங்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கானில் விட்ட மீன் கானிலேயே நிற்காது. மாரி வெள்ளத்தில் வாய்க்காலுக்குப் போகும், குளத்துக்குப் போகும், நம் மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். விந்தை மாதக்கணக்கில் வைத்திருக்கும் என்று மேலே எழுதினேனே, ஒரு பெண் மீன் தப்பினாலே போதும், ஒரு குடும்பம் தொடங்கிவிடும். கடைக்காரரிடம் கொடுங்கள், அயல் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அதற்கும் முன்னால், ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள்.

நுளம்புக் குடம்பியைத் தீனுக்காக வாளியில் வளர்ப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மீனுக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை, பெண் மீன் பருத்துக் குட்டியும் கூடும். ஆனால் செய்யாதீர்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி அது குற்றம். இரண்டு நாள் வாளியைப் பார்க்க மறந்தால் உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு.

05.09.2022, காலை 6.00

மகன் இதையெல்லாம் வாசித்துவிட்டு, கிணற்றில் கப்பி விட்டார்கள் என்றால் எந்தக் கப்பி என்று கேட்கிறான். கயிறு ஓடுகிற கப்பியும் கப்பிதான், மீனும் கப்பிதான், எங்கள் கிணற்றில் ஒரு காலத்தில் இரண்டும் இருந்தன. மீனின் பெயர் ட்ரினிடாட்டில் வாழ்ந்த ரொபேட் ஜோன் லெச்மியர் கப்பி என்பவரிடமிருந்து வந்தது. அவர் அனுப்பிய மீனுக்கு 1866இல் லண்டனில் அவர் பெயரை வைத்தார்கள். ஆனால் 1859இலேயே பெர்லினில் வில்ஹெல்ம் பீற்றர்ஸ் அதே மீனை விவரித்து வேறு பெயர் வைத்திருந்தார். அறிவியலில் முந்திய பெயர் நின்றது, வாயில் கப்பி நின்றுவிட்டது.

16.10.2022, இரவு 9.30

குஞ்சுக்குத் தீனாக ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணீரில் வாழும் மிகச் சின்ன இறால் போன்ற பூச்சி) பொரிப்பதைப் பற்றி. முட்டை விலை கூடியிருப்பதால் ஒரு சிட்டிகையும் வீணாகக் கூடாது. டச்சு பே பக்கம் எடுத்த கடல் தண்ணீரை மூன்று பங்கும் மழைத்தண்ணீர் ஒரு பங்கும் கலந்து, போத்தலைத் தலைகீழாகக் கட்டி, எயர் குழாய் விட்டேன். நம் வெப்பத்தில் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கோது மேலே மிதக்கும், பூச்சி கீழே வெளிச்சப் பக்கம் செம்மஞ்சளாகத் திரளும். மெல்லிய துணியில் வடித்து நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். கோது குஞ்சின் குடலில் அடைக்கும், கவனம். மாரி பிடித்த பிறகு குடாவுக்குள் மகாவலித் தண்ணீர் இறங்கிக் கடல் கலங்கும், உப்பும் குறையும். அந்த நாட்களில் கல்லுப்புக் கரைப்பதுதான் நம்பிக்கை.

கூனித் தூளில் வளர்ந்த குஞ்சையும் இதில் வளர்ந்ததையும் மூன்றாம் வாரம் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இது ஒன்றரை மடங்கு பெரிது.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முற்றாக வேண்டாம் என்று எழுதியதை இப்போது கொஞ்சம் தளர்த்துகிறேன். தாயைப் போட வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் பாசியிலிருந்து பிடித்த குஞ்சை முதல் பத்து நாள் அதற்குள் வைத்தால் தீன் நேரே வாய்க்குப் போகிறது, பெரிய தொட்டியின் தண்ணீரும் ஓட்டமும் கிடைக்கிறது.

10.12.2022, காலை 8.10

இப்படி ஒரு குளிர் திருகோணமலையில் நான் கண்டதில்லை. மண்டூஸ் புயல் கடலோடு போனது, காற்றும் தூறலும் நிற்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் வெட்டையில் நின்றபடியே விறைத்துச் சாகின்றன. மீனைப் பற்றி எழுதவே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் இரவு முழுக்க ஐந்து பேர் கேட்டிருக்கிறீர்கள்.

என் தொட்டியில் 23 பாகை, வழக்கமாக 28. வெளித் தொட்டியில் இன்னும் குறைவு. ரெஜிபோம் பெட்டி மூடியைத் தொட்டியின் மூன்று பக்கமும் கட்டுங்கள், மேலே பலகை. சுடுதண்ணீரை நேரே ஊற்றாதீர்கள். போத்தலில் அடைத்து மிதக்க விடுங்கள், மணித்தியாலத்துக்கு ஒரு பாகைக்கு மேல் ஏற்ற வேண்டாம். தீன் இன்றைக்கு வேண்டாம்.

13.12.2022, இரவு 7.50

எதிர்பார்த்தபடி வெண்புள்ளி நோய் வந்துவிட்டது. உடலில் உப்புத் தூவியது போல, மீன் கல்லில் உரசிக்கொள்கிறது. புள்ளிக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அந்தக் கிருமியைத் தொடாது. அது கழன்று, கீழே விழுந்து பெருகி, புதிதாக நீந்தி வரும்போதுதான் சாகும். ஆகவே தண்ணீரை மெல்ல 30 பாகைக்கு ஏற்றினால் அதன் சுற்று விரைவாகும், உப்பு அதை வெளியில் வைத்துக் கொல்லும். லீற்றருக்கு 2 கிராம் கல்லுப்பு, ஒரே தடவையில் அல்லாமல் ஒரு நாளில் மூன்று முறையாகக் கரைத்து. புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள், மறைந்த அன்று நிறுத்தியவர்களுக்குத்தான் மறுபடி வந்தது. மொலிக்கும் கப்பிக்கும் இந்த உப்பு ஒன்றும் செய்யாது. பாசி கொஞ்சம் வாடும், பிறகு தளிர்க்கும்.

27.12.2022, காலை 6.30

என் சிவப்புக் கப்பி வரிசையில் ஆண் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆறு வருடம் பிரித்துப் பிரித்து வளர்த்தது. பெண் நான்கு இருக்கின்றன, ஆணோடு சேராதவை. உள்ளுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்த்ததில் அவற்றின் உடல் வலு குறைந்திருக்க வேண்டும், கடையிலிருந்து வந்த கலப்பு மீன் எல்லாம் அதே தொட்டியில் தப்பிவிட்டது. வெளியிலிருந்து ஒரு ஆணை இரண்டு வருடத்துக்கு முன்பே சேர்த்திருக்க வேண்டும்.

12.01.2023, இரவு 8.20

பாலையூற்றுத் தம்பி படம் போட்டிருக்கிறார். பாசி தொட்டியின் பாதியைப் பிடித்துவிட்டது, கண்ணாடியோரம் மூன்று வெவ்வேறு வயதில் குஞ்சுகள் நிற்கின்றன. இந்த வாரத்தது, ஒரு மாதத்தது, இரண்டு மாதத்தது. எண்ண முயன்று விட்டுவிட்டேன் என்கிறார்.

தம்பி, வலது மூலையில் வால் மட்டும் சிவந்த ஒரு இளம் ஆண் தெரிகிறது. முதுகு நேராக இருக்கிறது, நீந்துகிற விதமும் நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடைக்குக் கொடுக்காதீர்கள். பொங்கலுக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை வருகிறேன். மூடியுள்ள வாளி நான் கொண்டு வருகிறேன், உங்கள் தொட்டித் தண்ணீரில் கால் வாளி மட்டும் தாருங்கள்.